‘அவன் குணமே அப்படித்தான்’: பதின்வயதில் தெரியவரும் ஆட்டிசம்

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன். பெயர் வேண்டாம். திண்டுக்கல் டவுனிலும் சின்னாளப்பட்டி, வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம் பக்கமும் காணக்கிடைக்கிற பல பிள்ளைகளின் சாயலைச் சேர்த்து அவனை இங்கே நிறுத்துகிறேன்.

தாத்தா பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்தவர். மாங்காய்ப் பூட்டு, மணிப் பூட்டு என்று எதைக் கேட்டாலும் பையன் சொல்லுவான். கேட்காவிட்டாலும் சொல்லுவான். ஆறு லீவருக்கும் எட்டு லீவருக்கும் என்ன வித்தியாசம் என்று அரைமணி நேரம் நிறுத்தாமல் பேசுவான். எதிரில் இருப்பவர் கொட்டாவி விட்டதும் கடிகாரத்தைப் பார்த்ததும் அவன் கவனத்துக்கு வராது. இட்லியில் சாம்பார் பட்டுவிட்டால் அந்த இட்லி அவனுக்கு ஆகாது. கல்யாண மண்டபத்தில் மேளம் உச்சத்துக்குப் போகும்போது இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பந்தி அறைக்குப் பின்னால், பாத்திரம் கழுவும் இடத்தில் போய் நின்றுகொள்வான். “மாமா கேக்குறேன்ல, மூஞ்சியப் பாத்துப் பதில் சொல்லுடா” என்று உறவுக்காரர் ஒருவர் தோளைப் பிடித்துத் திருப்பினால் உடம்பு விறைத்துப்போகும்.

ஆறாம் வகுப்பு முதல் எட்டு வரை எப்படியோ ஓட்டிவிட்டான். கணக்கில் தொண்ணூறுக்கு மேல், தமிழ்க் கட்டுரையில் வெள்ளைத்தாள். ஒன்பதில் இரண்டு பிரிவுகளை ஒன்றாக்கினார்கள். அவன் உட்கார்ந்திருந்த ஜன்னலோர பெஞ்சு வேறு யாருக்கோ போனது. மூன்றாம் நாள் காலையில் சீருடையைப் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தவன் எழவே இல்லை. அப்பா திமிர் என்றார். பாட்டி கண்ணு பட்டுருச்சு என்றாள். வகுப்பாசிரியர், “படிக்கிற பையன்தான், ஆனா அழுத்தக்காரன்” என்றார். அம்மா மட்டும், அவனை விட்டுக்கொடுக்க மனமில்லாமல், “அவன் குணமே அப்படித்தான்” என்றாள்.

அம்மா சொன்னதில் பாதி உண்மை. அது சின்ன வயதிலிருந்தே அவனோடு இருப்பதுதான். ஆனால் ‘குணம்’ என்ற ஒரு சொல்லுக்குள் அதை மூடி வைத்துவிட்டதால், பத்து வருடமாக அவனுக்குக் கிடைத்திருக்க வேண்டிய உதவி கிடைக்காமல் போனது. திண்டுக்கல் மாதிரி ஊர்களில் பதின்வயதுப் பிள்ளையின் ஆட்டிசம் கண்ணுக்குத் தப்புவதற்குப் பெற்றோரின் அறியாமை மட்டுமே காரணம் இல்லை. சட்டம், மருத்துவம், பள்ளி, நம் பேச்சுவழக்கு எல்லாவற்றுக்கும் அதில் பங்கு இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

2008-ல் பிறந்த பிள்ளை

2008-ல் பிறந்த ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் 2-ஆம் தேதியை உலக ஆட்டிச விழிப்புணர்வு நாளாக ஐ.நா. முதன்முதலில் கடைப்பிடித்த ஆண்டும் அதுதான். அந்தப் பிள்ளைக்கு மூன்று வயது நடந்த 2011-ல் நம் நாட்டில் ஊனமுற்றோருக்கான முதன்மைச் சட்டம் 1995-ஆம் ஆண்டுச் சட்டம். அது ஏழு வகைக் குறைபாடுகளைத்தான் ஏற்றது. ஆட்டிசம் அதில் இல்லை. 1999-ன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் ஆட்டிசத்தின் பெயர் இருந்தது என்றாலும், ஒன்றியத் தலைமையிடத்திலோ தாலுகா ஆஸ்பத்திரியிலோ அதைக் கேள்விப்பட்டவர் அரிது. பிறப்பு முதல் 18 வயது வரையுள்ளவர்களைப் பரிசோதிக்கும் ஆர்.பி.எஸ்.கே. திட்டம் 2013-ல் தொடங்கியபோது பிள்ளைக்கு ஐந்து வயது. ‘ஐசா’ எனப்படும் இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோலைக் கொண்டு ஊனச் சான்று தரலாம் என்று மத்திய அரசு அறிவித்த 2016-ல் எட்டு. 21 வகைக் குறைபாடுகளை ஏற்று ஆட்டிசத்தையும் சேர்த்துக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது ஒன்பது. திண்டுக்கல்லுக்கு அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்ட 2022 ஜனவரியில் பதின்மூன்று, பதினான்கு.

ஒவ்வொரு கதவும் அந்தப் பிள்ளை கடந்து போன பிறகுதான் திறந்தது. இன்று உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளிலும் கல்லூரி வாசலிலும் நிற்கும் தலைமுறையின் நிலை இதுதான்.

ஆய்வுகளும் இந்த வயதைத் தொடாமலே நின்றுவிட்டன. இந்தியாவின் ஐந்து இடங்களில் நடத்தி 2018-ல் வெளியிட்ட பெரிய ஆய்வொன்று, கிட்டத்தட்ட எட்டில் ஒரு பிள்ளைக்கு ஏதோ ஒரு நரம்பு வளர்ச்சிக் குறைபாடு இருப்பதாகச் சொன்னது. மிக முக்கியமான வேலை. ஆனால் அதில் சேர்க்கப்பட்டவர்கள் இரண்டு முதல் ஒன்பது வயது வரையுள்ள பிள்ளைகள். விழிப்புணர்வுச் சுவரொட்டிகளும் அப்படித்தான்: ‘ஒன்றரை வயதில் விரல் நீட்டிக் காட்டுகிறதா, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா.’ இவை அவசியமான கேள்விகள். ஆனால் அந்தச் சுவரொட்டியைப் பார்க்கும் பதினைந்து வயதுப் பிள்ளையின் தாய்க்கு, தன் பிள்ளையைப் பற்றியும் அது பேசுகிறது என்று தோன்றாது.

2013-ல் வந்த ‘ஹரிதாஸ்’ படம் ஆட்டிசம் என்ற சொல்லைத் தமிழ் வீடுகளுக்குள் கொண்டுவந்தது. அதற்கு நன்றி சொல்ல வேண்டும். அதோடு, ஆட்டிசம் என்றால் பேசாத பிள்ளை, மாரத்தான் ஓடும் பிள்ளை என்ற சித்திரமும் மனதில் உறைந்துவிட்டது. நன்றாகப் பேசுகிற, கணக்குப் போடுகிற, கூட்டத்தில் ஒட்டாமல் தவிக்கிற பிள்ளையை அந்தச் சித்திரத்துக்குள் யாரும் தேடவில்லை.

உலக அளவிலும் இதே வரலாறுதான். 1943-ல் அமெரிக்காவில் லியோ கானர் 11 பிள்ளைகளை விவரித்து ஆட்டிசத்துக்கு மருத்துவ உருவம் கொடுத்தார். அதற்கு முன்பே, 1925-ல், சோவியத் நாட்டில் குரூன்யா சுகரேவா என்ற பெண் மருத்துவர் ஆறு பையன்களைப் பற்றி எழுதியதில் இன்று நாம் சொல்லும் அடையாளங்கள் பலவும் இருந்தன. பல பத்தாண்டுகள் அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1944-ல் வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் நன்றாகப் பேசத் தெரிந்த பிள்ளைகளைப் பற்றி எழுதினார். 1981-ல் இங்கிலாந்தின் லோர்னா விங் அதை எடுத்துச் சொன்ன பிறகுதான் ஆங்கில உலகம் கவனித்தது. 2013-ல் வெளியான அமெரிக்க மனநோய்க் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு இவை எல்லாவற்றையும் ஒரே நிறமாலையாகச் சேர்த்தது. நம் கட்டுரைக்கு மிக வேண்டிய ஒரு வரையறை அந்தப் பதிப்பில் இருக்கிறது. அடையாளங்கள் இளம் பருவத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும். ஆனால் பிள்ளையால் தாங்க முடிகிற அளவைச் சமூகத்தின் எதிர்பார்ப்பு மீறும்போதுதான் அவை முழுதாக வெளியே தெரியலாம்.

ஒன்பதாம் வகுப்பு அப்படி மீறுகிற இடம். ஆரம்பப் பள்ளியில் ஒரே டீச்சர், ஒரே அறை. உயர்நிலையில் பாடத்துக்கு ஒருவர். நண்பர்கள் விளையாட்டை விட்டு அரட்டைக்கு நகர்ந்திருப்பார்கள். கிண்டல், ஜாடை, இரட்டை அர்த்தம், யார் யாரோடு பேசுகிறார்கள் என்ற கணக்கு. உடம்பும் மாறுகிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு என்று வீடே மூச்சைப் பிடித்துக்கொள்கிறது. பதின்மூன்று வயதுவரை சமாளித்த பிள்ளை அங்கே முறிகிறது. ‘திடீர்னு மாறிட்டான்’ என்று நமக்குத் தோன்றுவது உண்மையில் நெடுநாள் தாங்கியதன் களைப்பு.

தமிழ் வீட்டில் எதைக் கவனிப்பது

வெளிநாட்டு நூல்கள் தரும் அடையாளப் பட்டியலை அப்படியே இங்கே பொருத்தினால் தவறிப்போகும். ‘கண்ணைப் பார்த்துப் பேச மாட்டார்’ என்பது அந்தப் பட்டியலின் முதல் வரி. நம் வீட்டில் பெரியவர்கள் முன்னால் கண்ணைத் தாழ்த்துவது மரியாதை. பெண்பிள்ளை தலையைக் குனிந்தே இருந்தால் ‘அடக்கமான பொண்ணு’ என்று பாராட்டுவோம். ஆகவே அந்த ஒரு அடையாளத்தை வைத்து ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

மொழியைக் கவனித்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். நாம் பேசுவதில் பாதி, சொல்லாமல் சொல்வது. விருந்தாளி கிளம்பும்போது “போயிட்டு வர்றேன்” என்றால், “எப்ப வருவீங்க?” என்று உண்மையாகவே கேட்கிற பதினான்கு வயதுப் பிள்ளைகள் உண்டு. “சாப்ட்டுட்டுப் போலாமே” என்று அடுத்த வீட்டில் ஒப்புக்குச் சொன்னதை நம்பி உட்கார்ந்துவிடுவார்கள். “ஒன்ன யாருடா இங்க கூப்பிட்டது?” என்று கோபத்தில் கேட்டால், கூப்பிட்டவர் பெயரைச் சொல்வார்கள். அடி விழும். பிள்ளைக்கு ஏன் விழுந்தது என்று தெரியாது. சிலர் வீட்டில் யாரும் பேசாத எழுத்துத் தமிழில், டிவியில் கேட்ட டப்பிங் நடையில் பேசுவார்கள். ‘நீ’ எங்கே, ‘நீங்க’ எங்கே என்பது பதினைந்து வயதிலும் குழம்பும். அதை ஆசிரியர் அவமரியாதை என்று எடுத்துக்கொள்வார்.

ஒலி, வாசம், தொடுகை ஆகியவை அடுத்து. குக்கர் விசில், புதுச் சீருடையின் கஞ்சி விறைப்பு, சட்டைக் காலரில் இருக்கும் துணிச்சீட்டு, கோட்டை மாரியம்மன் கோயில் மாசித் திருவிழாவின் கூம்பு ஒலிபெருக்கி, தீபாவளி வெடி. மற்றவர்களுக்கு எரிச்சலாக முடிவது இவர்களுக்கு உடம்பு வலியாகவே இருக்கும். எதிர்த்திசையிலும் உண்டு: சூடு, காயம், பசி எதுவும் உறைக்காத பிள்ளைகள். பதின்வயது வந்த பிறகும் ஒரே பாதை, ஒரே தட்டு, ஒரே இருக்கை என்ற பிடிவாதமும் ஒரு பொருளில் அளவு கடந்த ஆழமும் சேர்ந்திருந்தால் கவனிக்க வேண்டும்.

பெண்பிள்ளைகளைப் பற்றி நின்று சொல்ல வேண்டும். கண்டறியப்பட்டவர்களின் கணக்கில் நான்கு பையன்களுக்கு ஒரு பெண் என்று நெடுநாள் சொன்னார்கள். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2017-ஆம் ஆண்டு மதிப்பீடு அது மூன்றுக்கு ஒன்றுக்கு அருகில் என்றது. மிச்ச வித்தியாசத்தில் ஒரு பங்கு, பெண்கள் தங்கள் தவிப்பை மறைக்கக் கற்றுக்கொள்வதால் வருவது. வகுப்பில் பிரியமான ஒரு தோழியின் நடை, சிரிப்பு, தலை சாய்க்கும் விதம் வரை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். பள்ளியில் சத்தமே இருக்காது. வீட்டுக்கு வந்து புத்தகப் பையை வீசிவிட்டு ஒரு மணி நேரம் இருட்டறையில் கிடப்பார்கள்.

சடங்கு வீட்டை நினைத்துப் பாருங்கள். பதின்மூன்று வயதுப் பெண்ணுக்குக் கனத்த பட்டுச்சேலை, முகம் முழுக்கப் பூச்சு, தலையில் இறுகக் கட்டிய பூ, கண்ணில் அடிக்கும் வீடியோ விளக்கு. மேடையில் நான்கு மணி நேரம். வரிசையாக வந்து கன்னத்தைத் தொட்டுச் சந்தனம் பூசும் அறிமுகமில்லாத கைகள். அந்தப் பெண் நடுவில் எழுந்து ஓடினால், சேலையைப் பிய்த்து எறிந்தால், ‘காத்துக்கருப்பு அடிச்சிருக்கு’ என்பார்கள். அவளுக்கு ஆட்டிசம் இருக்கலாம் என்று அந்த மண்டபத்தில் ஒருவருக்குத் தோன்றினாலும் அவள் வாழ்க்கை மாறும். தோன்றாவிட்டால், பத்தாவதோடு நின்று வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலையின் இரைச்சலுக்குள் போகலாம், அல்லது பதினெட்டு முடிந்ததும் கல்யாணத்துக்குள் போகலாம்.

ஓர் எச்சரிக்கை. மேலே சொன்னவற்றில் ஒன்றிரண்டு இருப்பதால் ஆட்டிசம் ஆகிவிடாது. கூச்சம், மேடைப் பயம், கவனச்சிதறல், எண்ணச் சுழற்சி நோய், காது மந்தம், அறிவு வளர்ச்சிக் குறைபாடு எல்லாம் இப்படித் தோற்றம் தரும். சில சமயம் ஆட்டிசத்தோடு சேர்ந்தும் இருக்கும். பிரித்துப் பார்க்க நல்ல கேள்வி, ‘எப்போதிலிருந்து?’ என்பது. பன்னிரண்டு வயதுவரை கலகலவென்று இருந்த பிள்ளை திடீரென ஒடுங்கினால் அது பெரும்பாலும் ஆட்டிசம் அல்ல. மனச்சோர்வா, யாராவது துன்புறுத்துகிறார்களா, போதையா, மனநோயின் தொடக்கமா என்று உடனே பார்க்க வேண்டும். அங்கே காத்திருப்பது ஆபத்து.

செல்போன்தான் காரணம் என்ற பேச்சும் இப்போது அதிகம். ‘வர்ச்சுவல் ஆட்டிசம்’ என்று ரீல்ஸில் சுற்றும் சொல் மருத்துவம் ஏற்ற நோயறிதல் இல்லை. செல்போனை அதிகம் பார்ப்பது தூக்கத்தைக் கெடுக்கும், பேச்சைக் குறைக்கும், ஆட்டிசத்தை உண்டாக்காது. மூளை வளர்ச்சியிலேயே தொடங்குவது அது. மரபணுக்களின் பங்கு பெரிது. தடுப்பூசியால் வருகிறது என்று 1998-ல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் எழுதிய கட்டுரையை, அதை வெளியிட்ட ‘லான்செட்’ இதழே 2010-ல் திரும்பப் பெற்றுவிட்டது. தாயின் பாசக் குறைவால் வருகிறது என்று ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் மேற்கில் சொன்னார்கள். அதை அறிவியல் எப்போதோ கைவிட்டது. நம் ஊரில் அது ‘வேலைக்குப் போற அம்மா’ என்ற வடிவில் இன்னும் உயிரோடு இருக்கிறது. எந்தத் தாயும் இதை நம்பித் தன்னை வருத்திக்கொள்ள வேண்டியதில்லை.

பெயரைப் பற்றி

அரசு விண்ணப்பங்களில் ஆட்டிசத்தைப் ‘புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கம்’ என்று எழுதுகிறார்கள். இந்தப் பெயர் மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. புற உலகம் இவர்களுக்கு மிக அதிகமாகவே உள்ளே வருகிறது. அதனால்தான் காதைப் பொத்துகிறார்கள். 2012-ல் தாமே ஆட்டிசம் உள்ளவரான டேமியன் மில்டன் என்ற ஆட்டிச ஆய்வாளர் ஒன்றைச் சுட்டினார்: ஆட்டிசம் உள்ளவர் மற்றவரைப் புரிந்துகொள்ளத் தடுமாறுவது போலவே, மற்றவர்களும் அவரைப் புரிந்துகொள்ளத் தடுமாறுகிறார்கள், குறை ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை. தமிழில் எழுதும் யெஸ். பாலபாரதி போன்றவர்கள் ‘ஆட்டிசம்’ என்றே எழுதுகிறார்கள். அவருடைய ‘ஆட்டிசம்: சில புரிதல்கள்’, லஷ்மி பாலகிருஷ்ணனின் ‘எழுதாப் பயணம்’ இரண்டும் தமிழ்ப் பெற்றோர் முதலில் கையில் எடுக்க வேண்டிய நூல்கள். இரண்டுமே மருத்துவர் நாற்காலியிலிருந்து எழுதாமல் வீட்டிலிருந்து எழுதியவை.

எங்கே போவது

திண்டுக்கல்லில் இருப்பவர்கள் பொதுவாக நேரே மதுரைக்கு பஸ் ஏறுகிறார்கள். அறுபது கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். அரசு இராஜாஜி மருத்துவமனையிலும் தனியாரிடமும் வசதி கூடுதலாக இருப்பது உண்மை. ஆனால் முதல் படிக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சீட்டு வாங்கிப் பார்க்கலாம். மாவட்ட மனநலத் திட்டம் அரசு மருத்துவமனைகள் வழியாகவே நடக்கிறது. ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தின்கீழ் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளைப் பார்க்க வரும் மருத்துவக் குழுவிடம் சொன்னால், மாவட்ட அளவிலான இடையீட்டு மையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். அது குழந்தைகளுக்கான இடம் என்று நினைத்து வளர்ந்த பிள்ளையோடு போகத் தயங்குகிறார்கள். திட்டத்தின் வயது வரம்பு 18. எங்கே தொடங்குவது என்றே தெரியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்நேரமும் போன் செய்யலாம். கட்டணம் இல்லை, தமிழில் பேசுவார்கள்.

போகும் முன்பு ஒரு வேலை செய்யுங்கள். பிள்ளையின் சிறுவயதை ஒரு தாளில் எழுதுங்கள். எப்போது பேசினான், எதை வரிசையாக அடுக்கினான், பால்வாடியில் யாரோடு விளையாடினான், எதற்கு அழுதான். பழைய செல்போனில் இருக்கும் பிறந்தநாள் வீடியோக்களைத் தேடி எடுங்கள். அரசு மருத்துவமனையில் கூட்டத்துக்கு நடுவே ஐந்து நிமிடம்தான் கிடைக்கும். அந்த ஐந்து நிமிடத்தில் வாயால் சொல்வதைவிட அந்தத் தாள் அதிகம் சொல்லும். பதினான்கு வயதுப் பிள்ளையின் ஆட்டிசத்தைக் கண்டறிய வேண்டிய சாட்சியம் பெரும்பாலும் நான்கு வயதில்தான் இருக்கிறது.

ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ ஆட்டிசத்தைக் காட்டாது. மனநல மருத்துவரும் மருத்துவ உளவியலாளரும் பேசி, பார்த்து, மதிப்பிட்டுச் சொல்வதுதான். நம் நாட்டில் சான்றிதழுக்குப் பயன்படும் ‘ஐசா’ அளவுகோலில் 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். 70-க்குக் கீழ் என்றால் ஆட்டிசம் இல்லை. 70 முதல் 106 வரை லேசானது. 107 முதல் 153 வரை நடுத்தரம். அதற்கு மேல் தீவிரம். நன்றாகப் பேசுகிற, மறைக்கக் கற்றுக்கொண்ட பதின்வயதுப் பிள்ளை, அதிலும் பெண்பிள்ளை, இந்தக் கணக்கில் 70-க்குக் கீழே போக வாய்ப்பு இருக்கிறது. மதிப்பெண் குறைந்ததாலேயே தவிப்பு பொய்யாகிவிடாது. சான்று கிடைக்காவிட்டாலும் ஆலோசனையும் பள்ளியில் மாற்றங்களும் கேட்கலாம்.

சான்று என்றதும் பெற்றோர் பின்வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். “நாளைக்கு இவளுக்குக் கல்யாணம் ஆகணும்ல” என்பார்கள். நோயறிதல் வேறு, சான்றிதழ் வேறு. முதலாவது பிள்ளையைப் புரிந்துகொள்ள. இரண்டாவது உரிமைகளைப் பெற. இரண்டாவதை வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். எடுப்பவர்கள் தனித்துவ அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம். வழி தெரியாவிட்டால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கலாம்.

குறைந்தது 40 விழுக்காடு குறைபாடு என்ற சான்று இருந்தால் 18 வயதுவரை இலவசக் கல்வி, அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டு ஒதுக்கீடு, அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 விழுக்காட்டில் ஆட்டிசம் உள்ளிட்ட சில குறைபாடுகளுக்கு என 1 விழுக்காடு ஆகியவை சட்டத்தில் உண்டு. தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ திட்டத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு. பத்து, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகளைத் தலைமையாசிரியர் வழியாகக் கேட்கலாம். தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஓடினால் நடக்காது. ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும்.

மருந்தைப் பற்றிச் சுருக்கமாக. ஆட்டிசத்தை நீக்கும் மருந்து இல்லை. அதோடு வரும் பதற்றம், தூக்கமின்மை, கட்டுக்கடங்காத கோபம், வலிப்பு ஆகியவற்றுக்கு உண்டு. பதின்வயதில் முதன்முறையாக வலிப்பு வருவதும் நடக்கிறது என்பதால், கண் நிலைகுத்தி நிற்பதைக்கூட மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஸ்டெம் செல் சிகிச்சை என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களிடம் போகாதீர்கள். ஆட்டிசத்துக்கு அது பரிந்துரைக்கத் தக்கதல்ல என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022 டிசம்பரில் சொல்லிவிட்டது.

கோயிலுக்கும் தர்காவுக்கும் போவதை நான் குறை சொல்லவில்லை. மனம் ஆறுகிற இடம் அது. ஆனால் அங்கேயே விட்டுவிட்டு வருவது வேறு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்தார்கள். மனநலம் குன்றியவர்கள் என்று கொண்டுவந்து விடப்பட்டவர்களில் யாருக்கு என்ன இருந்தது என்று எவரும் சரியாகப் பார்த்திருக்கவில்லை. சங்கிலியால் கட்டுவதை 2017-ன் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது.

பள்ளியும் ஊரும்

அந்தச் சட்டங்களை எல்லாம்விட ஒரு பிள்ளைக்கு அன்றாடம் உதவுவது பள்ளிதான். ஒவ்வொரு ஒன்றியத்திலும் வட்டார வள மையம் இருக்கிறது. அங்கே சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எண்ணிக்கை போதாது, ஒருவரே பல பள்ளிகளுக்கு அலைகிறார். தனியார் மெட்ரிக் பள்ளிகளில் நிலைமை வேறு. ஆட்டிசம் என்று சொன்னால் டி.சி. கொடுத்துவிடுவார்களோ என்று பயந்து பெற்றோர் மறைக்கிறார்கள். பயம் காரணமில்லாதது அல்ல. குறைபாட்டைக் காரணம் காட்டிப் பாரபட்சம் செய்யக்கூடாது என்றும், நியாயமான வசதி செய்து தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அதைப் பள்ளி நிர்வாகத்துக்கு எடுத்துச் சொல்ல ஊரில் யாராவது பெரியவர் கூடப் போனால் நல்லது. கேட்காவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுக்கலாம்.

தேவைப்படுவது பெரிய செலவு இல்லை. வாயால் சொன்ன வீட்டுப்பாடத்தைப் பலகையிலும் எழுதிப் போடுவது. நாளைக்கு வகுப்பறை மாறும் என்றால் இன்றே தனியாகச் சொல்வது. இரைச்சல் தாங்காதபோது போய் உட்கார நூலகத்தில் ஒரு மூலை. ‘மெண்டல்’, ‘லூசு’ என்ற சொற்கள் வகுப்பில் ஒலித்த உடனே அதை நிறுத்துவது. உடல் மாற்றம், மாதவிடாய், யார் எங்கே தொடலாம், தொடக்கூடாது என்பதை மறைமுகமாகச் சொல்லாமல் நேரான சொற்களில் சொல்லிக்கொடுப்பது. ஜாடை புரியாத பிள்ளைகளைத் தவறானவர்கள் எளிதில் ஏமாற்றுகிறார்கள் என்பதால் இது பாடத்தைவிட முக்கியம். வீட்டில் பஸ் ஏறவும் கடையில் சில்லறை எண்ணவும் சோறு வடிக்கவும் பழக்குவது.

கானர் விவரித்த 11 பேரில் முதலாமவர் டொனால்ட் ட்ரிப்லெட். மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சின்ன ஊர்க்காரர். பட்டப்படிப்பு முடித்து, உள்ளூர் வங்கியில் வேலை பார்த்து, கோல்ஃப் ஆடி, தனியாக உலகம் சுற்றி, 2023-ல் 89 வயதில் மறைந்தார். வசதியான குடும்பம் என்பது உண்மை. அதோடு, அந்த ஊர் அவரை ஊர்க்காரராகவே வைத்துக்கொண்டது. திண்டுக்கல் அதைவிடப் பல மடங்கு பெரிய ஊர். இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், 1947-ல் சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் கிராமத் தொண்டுக்கென்றே உருவாக்கிய காந்திகிராமம் இருக்கிறது. இந்த மாவட்டத்தின் ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் பதின்வயதுப் பிள்ளைகளைக் கண்டறியத் தெரிந்த இரண்டு பேரைப் பயிற்றுவிக்க நம்மால் முடியாது என்று நான் நம்பவில்லை.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்பில் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருக்கிறது. ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஏழெட்டுப் பேர். அவர்களில் எத்தனை பேரை உங்கள் பள்ளியில் உங்களுக்குத் தெரியும்?

வரும் ஜூனில் பள்ளி திறக்கும்போது எட்டாம், ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அழுத்தக்காரன், முசுடு, வாய் செத்தவள் என்று போன ஆண்டு ஆசிரியர் உங்களிடம் சொல்லி ஒப்படைக்கும் பிள்ளைகளின் பெயரைத் தனியாக எழுதி வையுங்கள். அவர்களின் பெற்றோரைக் கூப்பிட்டு, மதிப்பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், “சின்ன வயசுல எப்படி இருந்தான், சொல்லுங்க” என்று கேளுங்கள். அதுவரை, அவர்கள் கேட்கிற பெஞ்சில் உட்கார விடுங்கள்.